ஆற்றூரின் கடைசிப் பிற்பகல்

பூவத்திக் குன்று மடத்துக்கு ஏறி வருகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளை வரம் வேண்டியோ, வழக்கில் வெற்றி வேண்டியோ வருவார்கள். தணிகைவேல் அன்று ஒரு விளையாட்டுக்காக ஏறி வந்தான். மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்திருந்தான். ஆறு ஆண்டுகளாக உமையாள் அம்மையின் சீடனாக இருந்தும், இப்படியொரு முறையீட்டோடு அவர்முன் அவன் நின்றதில்லை.

அம்மை முற்றத்தில் அமர்ந்து புளியில் கொட்டை நீக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, இன்று மாலை ஆறு மணிக்கு ஆற்றூர் அழிந்துவிடும்."

"வெள்ளமா?"

"உண்மையான ஊர் அல்ல, அம்மா. கணினியில் பலர் கூடி ஆடுகிற ஆட்டம். ஆற்றங்கரையில் ஊர் கட்டுவது."

மடைப்பள்ளி வாசலில் சமையற்காரி கோலம்மாள் தலை நீட்டினாள். "ஆட்டம் நின்று போனதற்கா இந்த முகம்? நான் வீடே இடிந்துவிட்டதோ என்று பதறிப்போனேன்!"

"வீடுதான் இடிகிறது. நீ போய் உலையைப் பார்" என்றார் அம்மை.

ஆட்டம் என்றதும் அவருக்கு நினைவு வந்துவிட்டது. தணிகைவேலின் அண்ணன் மதியழகன் மஸ்கட்டில் வேலை பார்த்தவன். வெள்ளிக்கிழமைதோறும் அண்ணனும் தம்பியும் அந்த ஊரில்தான் சந்தித்துக்கொண்டார்கள். அங்கே அண்ணன் ஒரு படித்துறை கட்டினான். அவன் மாரடைப்பில் மாண்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. படித்துறை மட்டும் இருந்தது.

"யார் அழிக்கிறார்?"

"அதை உருவாக்கிய அருமைநாயகம்."

"ஏன்?"



"அவர் அடுத்து ஓர் ஆட்டம் செய்துகொண்டிருந்தார், அம்மா. கழிமுகம் என்று பெயர். நான்கு ஆண்டுகள் வழிமேல் விழிவைத்துக் காத்திருந்தோம். கடைசியில், ஓராண்டுக்கு ஒரே ஓர் இணையக் கடையில் மட்டும்தான் விற்பேன் என்று ஏதோ ஒரு புதிய கடைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். எங்கள் ஆட்டங்கள் எல்லாம் பழைய கடையில் இருக்கின்றன. விரும்பிய கடையில் வாங்கும் உரிமை எங்களுக்கு இல்லையா?"

"உண்டு."

"ஒரு வாசலைத் திறந்து மற்ற வாசல்களை அடைப்பது முறையா?"

"முறையன்று. அப்புறம்?"

அம்மை இத்தனை எளிதில் ஒப்புக்கொண்டது அவனை அச்சுறுத்தியது.

"ஒன்பதாயிரம் பேர் கொண்ட ஆட்டக்காரர் சபைக்கு நான் தலைவன். வாங்க மாட்டோம் என்று உறுதி எடுத்தோம். எதிர்ப்பை எழுதினோம்."

"அந்தப் புதிய கடையிலா?"

"அங்கே கருத்து எழுத இடமில்லை, அம்மா."

"பின்னே எங்கே எழுதினீர்கள்?"

"பழைய கடையில். ஆற்றூரின் பக்கத்தில்."

"ஆற்றூர் உங்களுக்கு என்ன செய்தது?"

"ஒன்றும் செய்யவில்லை. அங்கே எழுத இடமிருந்தது."

அம்மையின் விரல்கள் புளியில் ஒரு கணம் நின்றன. "முதலில் எழுதியவர் யார்?"

"நான்."

இரண்டே நாளில் ஐயாயிரம் பேர் அவனைத் தொடர்ந்தார்கள். கடைப் பக்கத்தில் ஆற்றூரின் மதிப்பெண் அதலபாதாளத்துக்குச் சென்றது. அந்த வசைமழையைக் கண்டு மிரண்ட புதிய கடை, ஒப்பந்தத்தைக் கைவிட்டது. வென்றுவிட்டோம் என்று சபையில் அன்றைக்கு ஒரே ஆரவாரம். மறு வாரம் அருமைநாயகம் ஒரு சிறு கடிதம் வெளியிட்டார். ஆற்றூரைத் தாங்கும் கணினிகளை ஓட்டத்தான் அந்தக் கடையின் பணத்துக்கு இசைந்தாராம். இனிக் கழிமுகத்தை முடிக்கவும் வழியில்லை. ஆற்றூருக்குப் புதிதாக ஒருவரும் வருவதுமில்லை; அதனால் ஆற்றூரை மூடிவிடுகிறாராம். இவ்வளவுதான் எழுதியிருந்தார். ஒருவர் பெயரையும் குறிப்பிட்டுக் குறை சொல்லவில்லை.

"உன் சபையார் இப்போது எங்கே?"

"புதிய கடையில்" என்றான் தணிகைவேல். "வாரம் ஓர் ஆட்டம் இலவசமாகத் தருகிறார்கள்."

மடைப்பள்ளிக்குள் கோலம்மாள் சிரித்தது கேட்டது.

"படித்துறையைக் காட்டு."

அவன் மடிக்கணினியைத் திறந்தான். ஆறு ஓடிக்கொண்டிருந்தது. கரையில் ஆளரவமே இல்லை. பதினெட்டுப் படிகளில் ஏழாவது மட்டும் கோணலாக இருந்தது.

"அந்தப் படி ஏன் அப்படி?"

"அண்ணனிடம் திருத்தச் சொன்னேன், அம்மா. 'சறுக்கினால் ஆற்றில்தானேடா விழுவாய், நீந்தத் தெரியாதா?' என்று சொல்லிவிட்டான்."

அம்மை திரையை நெடுநேரம் பார்த்தார். "நீ எழுதியதைப் படி."

"வேண்டாம், அம்மா."

"படி."

தணிகைவேல் பழைய கடையின் பக்கத்தை எடுத்தான். "'இது குப்பை. இதில் உங்கள் நேரத்தை வீணாக்காதீர்கள்.'"

"அதற்குக் கீழே ஓர் எண் இருக்கிறதே?"

"எழுதியவர் எவ்வளவு நேரம் ஆடினார் என்று கடை தானாகவே போடுவது. இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு மணி."

"சரி. அந்தப் படித்துறையில் போய் நின்றுகொண்டு, இன்னொரு முறை படி."

திரையில் அவனுடைய உருவம் ஒவ்வொரு படியாக இறங்கியது. கோணற்படியில் நின்றது. தணிகைவேல் வாயைத் திறந்தான். 'இது' என்பதற்குமேல் சொல் வரவில்லை.

"அழித்துவிடுகிறேன், அம்மா. இப்பொழுதே அழித்துவிடுகிறேன்."

அழிக்கும் பொத்தானை அழுத்தினான். கடை விடை சொன்னது: இந்த ஆட்டம் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது, இதன் கருத்துகளை இனி மாற்றவோ அழிக்கவோ இயலாது.

மீண்டும் அழுத்தினான். அதே விடை. மீண்டும் அழுத்தினான்.

"அப்படியானால் ஊர் போய்விடும். நான் எழுதியது மட்டும் இருக்கும்."



அவன் படித்துறைக்கே திரும்பினான். வெயில் முற்றத்தைவிட்டு விலகி மதில்மேல் ஏறியது. ஆறு மணிக்கு ஆறு நின்றது. படிகள் நிறம் வெளுத்தன. பிறகு, 'தொடர்பு துண்டிக்கப்பட்டது' என்ற ஒற்றை வரி மட்டும் திரையில் எஞ்சியது.

தணிகைவேல் அந்த வரியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நான் கேட்டது நியாயம்தானே, அம்மா?"

"நியாயம்தான்."

"இனி நான் என்ன செய்ய?"

அம்மை கையை நீட்டி மடிக்கணினியைத் தாமே மூடினார்.

"இரண்டு கடைகளும் நாளைக்கும் திறந்திருக்கும், அப்பா. நீ கேட்டபடி விரும்பிய கடையில் வாங்கலாம். போய் வா."