எட்டுப் பூசை கண்ட டப்பா

சாமியின் மடம் நாலு சக்கரத்தில் ஓடியது. பழைய வேன் ஒன்றை வீடாக மாற்றி, உள்ளே கட்டில், அடுப்பு, முருகன் படம் எல்லாம் வைத்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். சனங்கள் அதைக் கேரவன் என்பார்கள். ஓட்டுவதும் பராமரிப்பதும் சீடர் நாகலிங்கம். குருவுக்கும் சீடருக்கும் ஒரே வயசு, ஐம்பத்தெட்டு. சமையலுக்கு வெள்ளத்தாய்.

யார் வந்தாலும் நாகலிங்கத்தைக் காட்டிச் சாமி ஒன்றைத்தான் சொல்வார்: "எனக்கப்புறம் இவன் இருக்கான்."

கேட்கும்போதெல்லாம் நாகலிங்கத்துக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

எட்டு வருசத்துக்கு முன்னால், வண்டிக்கு ஸ்பேர் பேரிங் வாங்க நாகலிங்கம் கடைக்குப் போனார்.

"முன் சக்கரத்துல இருக்கிறதைக் கழட்டிக் கொண்டாங்க. பழைய வண்டி, யார் யார் எதை மாத்தி வச்சிருக்காங்களோ. நம்பர் பாத்துத் தாரேன்" என்றார் கடைக்காரர்.

"சாமி வண்டியைப் பிரிச்சுப் போடச் சொல்றீரா? இருக்கிறதுலயே உசத்தியா ஒரு செட் குடும்."

வாங்கி வந்த பேரிங் டப்பாவைப் பட்டுத் துணியில் சுற்றி முருகன் படத்துக்குக் கீழே வைத்தார். வருசா வருசம் ஆயுத பூசைக்கு அதற்குச் சந்தனம், குங்குமம். சாமியே தன் கையால் திருநீறு போடுவார். டப்பாவில் கம்பெனி வைத்த சீல் மட்டும் உடையவே இல்லை. அடேயப்பா, அப்படி ஒரு மரியாதை!

ஒன்பதாம் வருசம் சித்திரையில் வெள்ளத்தாய்க்குப் போன் வந்தது. மகள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், இன்று தாண்டாது, அம்மா எங்கே அம்மா எங்கே என்று கேட்கிறாள்.

உடனே கிளம்பினார்கள். பாதி வழியில், கரிசல் காட்டு நடுவே, முன் சக்கரம் ஊளையிட்டது. அப்புறம் புகைந்தது. பேரிங் பொடிப்பொடியாகிக் கிடந்தது.

காய்கறி டெம்போ ஒன்று வந்து நின்றது.

"டவுனுக்குத்தான் போறேன். ஏறுதீகளா?"

வெள்ளத்தாய் ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டாள்.

"அந்த மூட்டைக்கு மேல எதுக்குத்தா உக்காந்து போகணும்?" என்றார் நாகலிங்கம். "ஸ்பேர் இருக்கு. ஒரு மணி நேரத்துல மாட்டிட்டு நாமளே போயிரலாம்."

அவள் சாமியைப் பார்த்தாள்.

"நாகலிங்கம் சொல்றான்ல. இறங்கு தாயி" என்றார் சாமி.

டெம்போ போய்விட்டது.

சக்கரத்தைக் கழற்றி, பேரிங் உட்காரும் ஹப்பைத் துடைத்து, கை கழுவிக்கொண்டு வந்து நாகலிங்கம் பட்டுத் துணியை அவிழ்த்து டப்பாவைத் திறந்தார். பேரிங் பளபளவென்று இருந்தது. எடுத்து வைத்துப் பார்த்தார். நுழையவில்லை. ஒரு நூல் பெரிசு. கிரீஸைத் தடவி அமுக்கினார். கட்டையை வைத்துத் தட்டினார். முருகா முருகா என்றும் சொல்லிப் பார்த்தார். இரும்புக்கு என்ன தெரியும், அது எட்டு வருசம் குங்குமம் வாங்கியது?

வெயில் சாயும்வரை அந்த ரோட்டில் ஈ காக்கை இல்லை. பிறகு ஒரு பால் வண்டி வந்தது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மகளின் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள்.

வராந்தாவுக்குத் திரும்பி வந்த வெள்ளத்தாய் அழவில்லை. நாகலிங்கத்துக்கு எதிரே நின்றாள்.

"அண்ணாச்சி, வருசா வருசம் அதுக்குப் பொட்டு வச்சீகளே. உள்ள என்ன இருக்குன்னு ஒரு நாளாச்சும் பாத்தீகளா?"

பிணவறை எங்கே என்று விசாரித்துக்கொண்டு நடந்தாள்.

நாகலிங்கம் அப்படியே சாமியின் காலில் விழுந்தார்.

"பாவி சாமி நான். பெத்தவளையும் பிள்ளையையும் பிரிச்சுட்டேன். என்னை விரட்டி விட்டுருங்க."

சாமி மெல்லக் காலை இழுத்துக்கொண்டார்.

"எதுக்கு உன்னை விரட்ட?"

"திறந்து பாக்காமலே சுமந்துட்டேனே சாமி."

"நீ சுமந்தது டப்பாவை" என்றார் சாமி. "நானும் திறந்து பாக்காமலேதான் இத்தனை வருசமா, எனக்கப்புறம் இவன் இருக்கான், இவன் இருக்கான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே."