ஞானப்பூ குடிக்கவில்லை

ஞானப்பூ பள்ளிக்கூடச் சீருடை தைத்துப் பிழைத்தவள். கைகள் தாமாக வீசத் தொடங்கியதும் தையல் போயிற்று. கால்கள் தள்ளாடத் தொடங்கியதும் ஊரில் மானம் போயிற்று. குடித்திருக்கிறாள் என்று கண்டக்டர் நடுவழியில் இறக்கிவிட்டார். ரோட்டோரம் விழுந்து முட்டி கிழிந்து கிடந்தவளை யாரோ ஒரு புண்ணியவான் அரசு மருத்துவமனையில் கொண்டுவந்து சேர்த்தார்.

அவளுடைய அம்மாவும் இப்படித்தான் கைகால் ஆடி ஆடிச் செத்தாள். வம்சத்தில் வரும் நரம்பு நோய்.

அவளுக்கு வைத்தியம் பார்த்தவர் டாக்டர் இளம்பருதி. வயது நாற்பத்தாறு. கிராமத்துச் சுகாதார நிலையத்தில் பல வருஷம் காய்ச்சலும் பிரசவமும் பார்த்துவிட்டு, நரம்பியல் படிக்க வந்தவர். அவருடைய ஆசிரியை டாக்டர் தையல்நாயகி அவரைவிட வயதில் இளையவர். அதிகம் பேசமாட்டார்.

அன்று காலையில் ஞானப்பூவின் புருஷனுக்கு அண்ணன், ஜெபமணி, வார்டுக்குள் வந்தான். கூடவே அவள் புருஷன் சகாயம்.

"ஏலே சகாயம், இவளைக் கூட்டிட்டுப் போயி இவ அப்பன் வீட்டுல விட்டுட்டு வருவோம்."

சகாயம் தரையைப் பார்த்தான்.

"நோயாம்லா நோய்! ஊத்திக்கிட்டு ஆடுதா. இல்லைன்னா இவ ஆத்தாளைப் பிடிச்ச சாபம். பிள்ளையையும் கூடவே அனுப்பிரு. பாதி விஷம் அதுக்குள்ளயும் இருக்கும்."

ஞானப்பூ ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வார்த்தை குழறியது.

"பாத்தியா, காலையிலேயே நாக்கு குழறுது!"

பக்கத்துக் கட்டில்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நர்ஸ் மருந்துத் தட்டைப் பிடித்தபடியே நின்றார். வாட்ச்மேன் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். கட்டிலின் காலடியில் நின்ற இளம்பருதிக்குக் காதெல்லாம் கொதித்தது. விறுவிறுவென்று வெளியேறி மாடிக்குப் போனார்.

ஆசிரியை மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தார்.

"மனுஷனா மேடம் அவன்? பச்சைப் பிள்ளையை விஷம்ங்கிறான்! எழுந்து நிக்க முடியாதவளைக் குடிகாரிங்கிறான்! இவனுக்கெல்லாம் வாய் எப்படி வருது?"

தையல்நாயகி நகர்ந்து இடம்விட்டார்.

"இதைப் பாருங்க."

"இப்ப ஸ்லைடு பார்க்கிற மனநிலையில நான் இல்லை, மேடம்."

"பாருங்க டாக்டர்."

அவர் குனிந்தார். அதே நோயில் இறந்துபோன ஒருவருடைய மூளையின் துணுக்கு. நரம்பு செல்லின் கருவுக்குள் பழுப்பாக ஒரு கட்டி.

"என்ன தெரியுது?"

"பழுதான புரதம். மரபணுவில ஒரே எழுத்துக்கூட்டு அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருது. அதனால புரதத்தோட ஒரு பகுதி நீண்டுபோகுது. ஒழுங்கா மடியாம ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது."

"கட்டிக்குள்ள அது மட்டும்தானா?"

"இல்லை. மடிச்சுவிட வந்த துணைப் புரதங்கள் இருக்கு. கழிவை அப்புறப்படுத்த வந்தது இருக்கு. மரபணுவைப் படிக்க வேண்டியதும் மாட்டிக்கிட்டிருக்கு."

"அதெல்லாம் பழுதா?"

"சேச்சே. நல்லதுதான்."

"அழிஞ்சுபோச்சா?"

"இல்லை மேடம். அங்கேயேதான் இருக்கு. அதைச் சுத்திக்கிட்டு, வேலை ஒண்ணும் செய்யாம சும்மா..."

இளம்பருதி நிறுத்தினார். நிமிர்ந்து ஆசிரியையைப் பார்த்தார். அவர் ஜன்னல் வழியே கீழே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டில் ஆட்டோ ஒன்று நின்றது.

இளம்பருதி படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினார்.

ஜெபமணி ஞானப்பூவின் புஜத்தைப் பிடித்து ஆட்டோவுக்குள் தள்ளிக்கொண்டிருந்தான். முட்டியில் சுற்றியிருந்த துணியில் ரத்தம் கசிந்தது.

"கையை எடுங்க."

"குடும்ப விஷயம் சார். நீங்க உங்க சோலியைப் பாருங்க."

"இதுதான் என் சோலி. இவங்க குடிக்கிறவங்க இல்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தவன் சொல்றேன். சாபமும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. மூளையில நோய். இழுத்துட்டுப் போக நீங்க யாரு?" என்றவர், அவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. போறீங்களா?"

ஞானப்பூவின் தலை ஆடியது, தோள் ஆடியது. வாய் கோணிக் கோணி, கடைசியில் சொல் வந்தது.

"மா... ட்டேன்."

ஜெபமணி டாக்டரைப் பிடித்துத் தள்ளினான். சட்டைப் பை கிழிந்தது. வாட்ச்மேன் ஓடிவந்து நடுவில் புகுந்தார். நர்ஸும் வந்துவிட்டார்.

"அண்ணே, அவளை விடு."

சகாயத்தின் குரல்தான். எல்லோரும் திரும்பினார்கள்.

"அவ ஒருநாளும் குடிச்சதில்லை. ஊரே சொல்லுதப்ப நானும் வாயை மூடிட்டு இருந்தேன். அவ எங்கயும் வர மாட்டா. பிள்ளையும் என்கிட்டதான் இருக்கும்."

"நாசமாப் போங்கலே!"

ஜெபமணி ஏறிக்கொள்ள, ஆட்டோ கிளம்பியது. சகாயம் அவளை இரண்டு கையாலும் தாங்கி வார்டுக்கு நடத்திப் போனான். அவளுடைய கை வீசி அவன் கன்னத்தில் பட்டது. அவன் முகத்தை விலக்கிக்கொள்ளக்கூட இல்லை.

இளம்பருதி கிழிந்த பையோடு மாடி ஏறினார். ஆத்திரம் அடங்கவில்லை.

"திரும்பக் கூட்டிட்டு வந்தாச்சு மேடம். ஆனா என்ன பிரயோஜனம்? அந்தப் புரதத்தை நிறுத்த நம்மகிட்ட என்ன இருக்கு? அவங்க இன்னும் மோசமாத்தான் ஆவாங்க. அந்தப் பிள்ளைக்கு வருமா வராதான்னா, பாதிக்குப் பாதின்னு சொல்றோம். ஒண்ணுமே முடியலையே!"

தையல்நாயகியின் குரல் உயர்ந்து இளம்பருதி கேட்டதே இல்லை. இப்போது கேட்டார்.

"புரதத்தை நிறுத்த இன்னிக்கு யாராலயும் முடியாது, டாக்டர். ஜெபமணியை நிறுத்த முடிஞ்சுதுல்ல? அது கட்டில் பக்கத்துலயே ஏன் முடியலை?"