ஓட்டுப் பெட்டி கோபுரம் ஏறின கதை

காட்டலோனியா மலைச்சரிவில் வல்தோர்ட்டா என்று ஒரு சிற்றூர். ஊர்ச்சனம் மொத்தத்தையும் ஒரே லாரியில் ஏற்றிவிடலாம். அவர்கள் புத்தியை முடிந்துவைக்கக் கைக்குட்டை ஓரமே போதும்.

அந்தச் சமயம் சீமை முழுக்கத் தனி நாடு வேண்டுமா, வேண்டாமா என்று ஓட்டெடுப்பு. கூடவே கூடாது என்று அரசாங்கம் தடை. ஆகவே ஊருக்கு ஊர் சனங்களே கமிட்டி வைத்து, ஓட்டுப் பெட்டியை ரகசியமாகக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். வல்தோர்ட்டா கமிட்டிக்குத் தலைவன் போன்ஸ். ஊரில் சார்ஜ் நிற்கிற போன் அவனிடம் மட்டும்தான் இருந்தது. வேறு தகுதி எதையும் யாரும் கேட்கவில்லை.

பூசணி வண்டியில் பெட்டி வந்து இறங்கியதுமே அவன் பெண்டாட்டி ரெமெய் சொல்லிவிட்டாள்: "பெட்டி போலீஸ்கிட்ட போச்சுன்னா நீயும் அதுகூடவே போயிடு. வீட்டுப் பக்கம் வராதே."

கமிட்டி மேலிடத்திலிருந்து போனில் உத்தரவு வந்தது: "ஊரே சேர்ந்து பெட்டியைக் காக்கணும். ஓட்டு முடியிறவரை ஒருத்தரும் இடத்தைவிட்டு நகரக் கூடாது."

போன்ஸ் உடனே கூட்டம் போட்டான்.

"கோபுரம் கட்டிடுவோம்," என்றான் ரொட்டிக்கடை கீர்சே. தோள்மேல் தோளாக ஆட்கள் ஏறி நின்று கோபுரம் கட்டுவது அந்தச் சீமைத் திருவிழா வழக்கம். "உச்சியில பெட்டி. போலீஸ் எப்படி எடுப்பான்?"

"ஏணி கொண்டுவந்தா?"

"ஏணியைவிட ஒரு ஆள் உசரமாக் கட்டுவோம்."

"அதைவிடப் பெரிய ஏணி கொண்டுவந்தா?"

கீர்சே யோசித்தான். "அவ்வளவு பெரிய ஏணி வச்சிருக்கிறவன் நம்ம பெட்டிக்கு ஏன்டா ஆசைப்படப் போறான்?"

எல்லோருக்கும் நியாயமாகத்தான் பட்டது.

ஓட்டு நாள் காலை மாதாகோவில் முற்றத்தில் கோபுரம் எழுந்தது. உச்சியில் ரெமெய், மடியில் பெட்டி. அடியில் போன்ஸ், அவன் காதை மிதித்தபடி கீர்சே. வெயில் ஏறியது. ஒரு ஓட்டுகூட விழவில்லை.

"துரோகிங்க!" போன்ஸுக்கு அழுகையே வந்துவிட்டது. "எவன் எவன் வரலைன்னு பேர் கூப்பிடுங்கப்பா."

கூப்பிட்டார்கள். கோபுரத்துக்குள்ளிருந்தே ஒவ்வொருவரும் "இருக்கேன்" என்றார்கள்.

"அப்போ வராதவன் யாரு?"

"அதுதான் பிடிபடல. எல்லாருமே இங்கதான் இருக்காங்க."

அந்நேரம் பார்த்து வேன் நிறையப் போலீஸ் வந்து இறங்கியது. "இறங்குங்கடா கீழே!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நகரக் கூடாதுன்னு உத்தரவுங்க," என்றான் போன்ஸ். பிறகு குழைந்தான். "ஐயா, ஒரு உதவி. நான் இன்னும் ஓட்டுப் போடல. என் இடத்துல கொஞ்சம் தோள் குடுத்தீங்கன்னா ஓடிப்போய்ப் போட்டுட்டு வந்துடுவேன்."

இன்ஸ்பெக்டர் திட்ட வாயெடுப்பதற்குள் போன்ஸ் நழுவிவிட்டான். கோபுரம் ஆடியது. ரொட்டிக்கடைக்காரனின் பின்பக்கம் நேரே தன் தலைக்கு வருவதைப் பார்த்த இன்ஸ்பெக்டர் பதறிப்போய்த் தோள் கொடுத்தார். பாரம் தாங்காமல், "டேய், வந்து பிடிங்கடா!" என்று அலறினார். போலீஸ்காரர்கள் ஓடிவந்து முட்டுக் கொடுத்தார்கள்.

அப்புறமென்ன? ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராய்த் தன் இடத்தில் ஒரு போலீஸ்காரரை மாட்டிவிட்டுக் கழன்றுகொண்டு, போலீஸ் முதுகையே படியாக்கி ஏறி, ஓட்டுப் போட்டு இறங்கினார்கள். சாயங்காலம் பார்த்தால் கோபுரம் முழுக்க யூனிபாரம்; உச்சியில் மட்டும் ரெமெய், பெட்டியோடு.

"ஓட்டுதான் முடிஞ்சுதே... நாங்க போகலாமா?" என்று இன்ஸ்பெக்டர் முனகினார்.

கமிட்டி ஒதுங்கி நின்று வெகுநேரம் பேசியது. கடைசியில் போன்ஸ் பணிவாகத் திரும்பி வந்தான்.

"இவ்வளவு பெரிய விஷயத்தை நான் ஒருத்தனா முடிவு பண்ண முடியாதுங்க ஐயா. ஊரைத்தான் கேக்கணும். ஆடாம நில்லுங்க, மறுபடி ஏறுறோம்."