எந்தப் பக்கம் நல்லது

“சார், நேற்றுப் படிப்பு முடித்து வந்த டாக்டர் செலின் ஒரு கழுத்து கேஸில் என்னை மடையன் ஆக்குகிறாள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அடங்குவாள்.”

சொன்னவர் டாக்டர் நல்லபெருமாள். ஐம்பத்திரண்டு வயது. கழுத்தெலும்பு, முதுகெலும்பு அறுவைக்கு அந்த ஊரில் பெரிய கை.

கேட்டவர் ஞானசிகாமணி. நல்லபெருமாளுக்குக் கத்தி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். ஓய்வு பெற்று வெகுநாள் ஆகிறது. முந்தாநாள் குளியலறையில் விழுந்து, கழுத்துப் பட்டையோடு கட்டிலில் கிடந்தார்.

“அவள் ஆக்கினாளா, ஏற்கெனவே இருந்தாயா?”

“சார்...”

“யாருக்குக் கழுத்து?”

“ஏசுவடியான் என்று ஒரு பெயிண்டர். கிணற்றில் தலைகீழாகக் குதித்திருக்கிறான். தண்ணீர் முழங்கால் அளவுதான். கைவிரல் இன்னும் கொஞ்சம் அசைகிறது. நாளைக்கு அசையுமா தெரியாது.”

“செலின் என்ன சொல்கிறாள்?”

“கழுத்தை முன்பக்கமாக அறுத்துப் போகணுமாம். நான் பின்பக்கம் என்கிறேன். அவன் மனைவி எதிரிலேயே வாக்குவாதம்.”

“அந்த அம்மாவிடம் நீ என்ன சொன்னாய்?”

“பின்பக்கம்தான் நல்லது என்றேன். கையெழுத்துப் போடப் போகிறாள்.”

கிழவர் மெத்தைக்கு அடியிலிருந்து ஒரு ஸ்கேன் படத்தை உருவி நீட்டினார்.

“என் கழுத்து. பார்.”

நல்லபெருமாள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஜவ்வு பிதுங்கி முன்பக்கமிருந்து தண்டுவடத்தை அழுத்துகிறது சார். அவனுக்கும் இதே மாதிரிதான்.”

“சரி. பின்பக்கமாக அறு. நாளைக்கே.”

நல்லபெருமாள் மறுபடியும் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

“என்னடா?”

“உங்களுக்கு வேண்டாம் சார்.”

“ஏன்? பின்பக்கம்தானே நல்லது?”

நல்லபெருமாள் படத்தைத் தாழ்த்தினார்.

“முன்னால் அழுத்துவதை முன்னாலிருந்துதான் எடுக்கணும் சார்.”

“எடு.”

“எனக்கு... அந்த வழி தெரியாது.”

“இதை அந்த அம்மாவிடம் சொன்னாயா?”

நல்லபெருமாள் படத்தை மெத்தைக்கு அடியில் திரும்பச் செருகினார்.

கிழவருக்குப் பொறுமை கிடையாது.

“போன் பையில்தானே இருக்கிறது?”

நல்லபெருமாள் எடுத்துப் பேசினார்.

“செலின்... நீ சொன்னதுதான் சரி. நீயே செய். அந்த அம்மாவிடம் நான் வந்து சொல்கிறேன். எனக்குத் தெரியாது என்றே சொல்கிறேன். தியேட்டரில் சதையை விலக்கிக் கொக்கி பிடிக்க ஆள் வேண்டுமென்றால் நான் நிற்கிறேன்.”

மறுமுனையில் என்ன பதில் வந்ததோ. “சரிம்மா” என்றார். கொஞ்சம் பொறுத்து, “சரிம்மா.”

வாசல் வரை போனவர் நின்றார்.

“சார், எங்களுக்கு ஏன் அந்த வழியைச் சொல்லிக்கொடுக்கவில்லை?”

கிழவரால் திரும்ப முடியாது. சுழலும் மின்விசிறியைப் பார்த்தபடியே சொன்னார்.

“எனக்குத் தெரியாதுடா. முப்பது வருஷம் வந்தவர்களிடமெல்லாம் பின்பக்கம்தான் நல்லது என்றேன்.”