பத்து வினாடி பின்னால்

பியூலாவின் செல்போனுக்குள் ஒரு பள்ளிக்கூடம் குடியேறியிருந்தது.

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கே பச்சைக் குழந்தைகள் வார்டில் பியூலா உதவி நர்ஸ். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் புதுக் கட்டில்கள் வார்டுக்கு வந்து இறங்கின. அவற்றைக் கையாளும் விதத்தை எல்லோரும் செல்போனிலேயே படித்து முடிக்கவேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. இப்போதெல்லாம் எந்த ஆபீசில்தான் வாத்தியார் நேரில் வருகிறார்?

அந்தப் பள்ளிக்கூடத்தில் நாலு பேர். பாடம் எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பச்சைக்கோடு, அதுதான் அங்கே நாட்டாமை. பாடத்தை விரட்டோ விரட்டென்று விரட்டும் இரட்டை வேகம். தங்க பார்டர் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும் சான்றிதழ். அப்புறம் மூலையில் ஒரு வளைந்த அம்பு. அதைத் தொட்டால் பாடம் பத்து வினாடி பின்னால் போகும். அதற்குத் தெரிந்ததே அவ்வளவுதான். பாவம், யார் அதைத் தொடுகிறார்கள்?

வார்டில் ஒரு வழக்கம் உண்டு. மத்தியானம் சாப்பிட உட்காரும்போது எல்லோரும் போனை ஷீபா அக்காவிடம் கொடுத்துவிடுவார்கள். அக்கா வார்டிலேயே மூத்தவள், தங்கமான மனசு. அத்தனை போனையும் டிபன் பாக்ஸ்களில் சாய்த்து வரிசையாக நிறுத்துவாள். சத்தத்தை அடைத்து, இரட்டை வேகத்தில் ஓடவிடுவாள். பாடத்தைப் பார்ப்பது யார்? ரசமும் பொரியலும்தான்! கடைசியில் வரும் கேள்விகளையும் அவளே படபடவென்று தட்டிவிடுவாள். கை கழுவிவிட்டு வந்தால் எல்லோருக்கும் சான்றிதழ் தயார்.

"ஏட்டி பியூலா, உன் போனையும் கொண்டா. ஒரே வேலையா முடிஞ்சுரும்."

"வேண்டாம்க்கா, நானே பாத்துக்கிடுதேன். நேத்து வரைக்கும் ஜவுளிக்கடையில சேலை மடிச்சவ நான். இது பிள்ளைங்க உசுரு. பயமா இருக்கு."

அவள் கட்டில்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாள். ஒரு காதில் மட்டும் ஹெட்போன், மறு காது குழந்தைகளுக்கு.

பாடத்தில் ஒரு இடம் உண்டு. வயர் நுனியில் உடம்புச் சூட்டை அளக்கும் சின்ன வட்டம் குழந்தையின் வயிற்றில் ஒட்டியிருக்கவேண்டும். அது கழன்று விழுந்தால், குழந்தை குளிரில் கிடக்கிறது என்று நினைத்துக் கட்டில் சூட்டை ஏற்றிக்கொண்டே போகும். சரியாக அந்த இடம் வரும்போதுதான் ஏதாவது ஒரு குழந்தை வீறிடும். பியூலா எழுந்து ஓடுவாள். திரும்பி வந்து, அந்த இடம் வரும்வரை அம்பைத் தொடுவாள்.

"வந்துட்டியாம்மா? நான் இங்கனயேதான் இருக்கேன்" என்று அம்பு பாடத்தைப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தும்.

பச்சைக்கோட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எலேய் வளைஞ்சவனே! நான் ஒரு அடி முன்னால வச்சா நீ புடிச்சுப் பின்னால இழுக்கே. என்னைக் கெடுக்கதுக்குன்னே வந்தியா?"

"நான் எங்க அண்ணாச்சி இழுத்தேன்? அந்தப் பிள்ளை இன்னொரு தடவை கேக்குது. குடுக்கேன்."

இரட்டை வேகம் மூச்சிரைக்க ஓடிவந்தது. "சேதி தெரியுமா? வெள்ளிக்கிழமை இந்த இடத்தையே புதுசா மாத்துதாங்க. ஆள் தொடாத பொத்தானை எல்லாம் எடுத்துருதாங்களாம். உன் பேர்தான் முதல்ல!"

அம்புக்குத் திக்கென்றது. "பியூலா தொடுதாளே?"

"ஊருக்கெல்லாம் ஒருத்தி தொட்டாப் போதுமாவே? அதுவும் ஒரே இடத்துல திரும்பத் திரும்பத் தொடுதா. பொத்தான் ரிப்பேர்னுதான் பாடத்தைச் செஞ்ச கம்பெனியில முடிவு பண்ணிட்டாங்க."

சான்றிதழ் களுக்கென்று சிரித்தது. அம்பு சிரிக்கவில்லை, அழுதது. தான் போவதுகூட அதற்குப் பெரிதாகத் தெரியவில்லை.

"நான் போயிட்டா அவ யார்ட்டப் போய் இன்னொரு தடவை கேப்பா?" என்றுதான் கலங்கியது.

வெள்ளிக்கிழமை காலையில் பியூலா கடைசியாக ஒருமுறை அதைத் தொட்டாள். அம்பு அந்தப் பத்து வினாடியை அவளுக்குப் பத்திரமாக எடுத்துக் கொடுத்தது. "நல்லா இரும்மா" என்றது. அவளுக்கு அது கேட்கவில்லை.

மத்தியானம் போன் தானாகவே முகத்தை மாற்றிக்கொண்டது. புது நிறம், புது எழுத்து. பியூலாவின் கட்டை விரல் பழக்கத்தில் அந்த மூலைக்குப் போனது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள்.

"அட, எங்க போச்சு இது?" என்றவளுக்கு ஏனோ மனசு கஷ்டமாக இருந்தது.

பச்சைக்கோடு தடையில்லாமல் எல்லை வரை ஓடியது. சான்றிதழ் எழுந்து வந்து கும்பிட்டது. அதைப் பார்க்க அவளுக்கு எங்கே நேரம்? ஒரு குழந்தை அழுதது, போய்விட்டாள்.

மறுநாள் காலை வார்டில் ஷீபா அக்காவின் அலறல் கேட்டது.

"ஏட்டி பியூலா, ஓடி வாயேன்! பிள்ளை உடம்பு கொதிக்கு!"

அங்கே பிரசவத்துக்கு வந்திருந்த கனகலட்சுமியின் குழந்தை செக்கச்செவேல் என்று சிவந்து கத்திக்கொண்டிருந்தது. குளிருகிறதோ என்று அக்கா ஒரு துணியை வேறு போர்த்தியிருந்தாள். கட்டில் பீப் பீப் என்று கூவிக்கொண்டு இன்னும் சூடேறியது.

பியூலா முதலில் மேலே இருந்த சூட்டு விளக்கை ஒதுக்கினாள். துணியை எடுத்தாள். வட்டம் கழன்று விரிப்பில் கிடந்தது. குழந்தையின் வயிற்றைத் துடைத்து, வட்டத்தை ஒட்டி, விரலால் மெல்ல அழுத்தினாள். டாக்டர் வந்து பார்த்து, பயமில்லை என்றார். குழந்தை ஒரு கொட்டாவி விட்டது.

ஷீபா அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தப் பாடம் என் கண்ணு முன்னாலதான ஓடுச்சு! நான் புளிக்குழம்பை ஊத்திக்கிட்டு இருந்தேனே, பாவி. அத்தனை பேருக்கும் நானே முடிச்சுல்லா குடுத்தேன்!"

பியூலா அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள். காலிக் கட்டில் ஒன்றில் துண்டைச் சுருட்டிக் குழந்தையாகப் படுக்கவைத்தாள். வட்டத்தை ஒட்டிக் காட்டினாள்.

அக்கா வட்டத்தைக் குனிந்து உற்றுப் பார்த்தாள். "புரியலைட்டி. இன்னொரு தடவை."

பியூலா வட்டத்தைக் கழற்றிவிட்டு முதலிலிருந்து காட்டினாள். டிபன் பாக்ஸோடு வந்தவர்கள் அதை அங்கங்கே வைத்துவிட்டுக் கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

"எனக்கும் ஒரு தடவை."

"எனக்கும்ட்டி."

"மெதுவாப் பாருங்கக்கா. நான் இங்கனயேதான் இருக்கேன்" என்று பியூலா மறுபடி வட்டத்தைக் கழற்றினாள்.

அவள் பையில் கிடந்த போனுக்குள் பச்சைக்கோடு பதறி எழுந்தது. "ஏய், அந்த வளைஞ்சவனைத்தான் எடுத்துட்டாங்களே! வெளிய யாருடா அது, திரும்பவும் பின்னால போறது?"