பின்னால் ஒரு குரல்

நல்ல ஹெட்போன் எது என்று கேட்பதற்காகத்தான் சிவசைலம் அரசி அம்மாவிடம் முதலில் போனார்.

அரசி அம்மாவுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. பதினெட்டு வருடம் வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவாளராக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு, தென்காசிக்குப் பக்கத்தில் இலஞ்சியில் வயலை ஒட்டிய ஓர் ஓட்டு வீட்டில் வந்து தங்கியிருந்தார். ஞாயிறு காலைகளில் ஏழெட்டுப் பேர் அங்கே வருவார்கள். அவரோடு ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு யாராவது எதையாவது கேட்டால் பதில் சொல்வார். யாரும் கேட்காவிட்டால் காப்பி போட்டுக் கொடுப்பார்.

சிவசைலத்துக்கு அறுபத்தேழு. தாலுகா ஆபீசில் ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இசக்கியம்மா இறந்த பிறகு தென்காசியில் தனியாக இருந்தார்.

அந்த வைகாசி ஞாயிற்றுக்கிழமை, மற்றவர்கள் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"அம்மா, உங்களுக்கு சத்தத்தப் பத்தி நல்லாத் தெரியும்னு சொன்னாங்க."

"கொஞ்சம் தெரியும்."

"ஒரு பேச்சுக்குப் பின்னால இன்னொருத்தர் முணுமுணுக்கது தெளிவாக் கேக்கணும். எந்த ஹெட்போன் வாங்கணும்?"

"என்ன பேச்சு அது?"

அவர் தன் போனை எடுத்தார். வாட்ஸ்அப்பில் மகன் கோமதிநாயகம் அனுப்பிய குரல் செய்தி. இருபத்தொரு விநாடி. போன வருடம் வந்தது. அதற்குப் பிறகு மகனிடமிருந்து எதுவும் வரவில்லை.

போனை இருவருக்கும் நடுவில் வைத்து ஒலிக்கவிட்டார்.

"அப்பா, இனிமே நீங்க இங்க வர வேண்டாம். போன் பண்ணவும் வேண்டாம். அம்மா சாகுறதுக்கு முன்னால மூணு நாளா உங்ககிட்ட நெஞ்சு வலிக்கின்னு சொல்லிருக்கா. நீங்க எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. என்னால உங்க முகத்தப் பாக்க முடியாது." ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் தூரத்தில் ஒரு பெண் குரல், சொல் எதுவும் பிடிபடாமல். பிறகு மகன், "அவ்வளவுதான்" என்றான்.

"கேட்டீங்களா? முடியாதுங்கான். நிப்பாட்டுதான். அவ பின்னால நின்னு ஏதோ எடுத்துக் கொடுக்கா. ஒடனே அவ்வளவுதாங்கான்."

"அவ யாரு?"

"மருமக. பொற்கொடின்னு பேரு. பாளையங்கோட்டையில டீச்சர். இசக்கியம்மா செத்தப்ப அவன் எங்கூட நின்னுதான் எல்லாக் காரியமும் செஞ்சான். எம் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டான். மூணு மாசம் கழிச்சு இது வருது. தானா வருமா?"

அரசி அம்மா போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க வேற ஏதாச்சும் சொல்லிருந்தா?"

"வேற என்ன சொல்லிருக்கப் போறா?"

அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் வந்து உக்காருங்க. அப்புறம் சொல்றேன்" என்றார்.

சிவசைலம் வாராவாரம் வந்தார். எல்லோருக்கும் முன்னால் வந்து, சுவரோரம் கண்ணை மூடி உட்கார்ந்தார். ஆனால் மற்ற நாட்களில் கடை கடையாக ஏறினார்.

பஸ் ஸ்டாண்டு வாசலில் ஓர் இயர்போன் வாங்கினார். அதில் மகன் குரலே தகரத்தில் தட்டியதுபோல் கேட்டது. கழுத்தில் மாட்டும் ப்ளூடூத் ஒன்று வாங்கினார். அது பின்னணிச் சத்தத்தைத் தானே குறைத்துவிடும் என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். குறைத்ததில் மருமகளின் குரலும் சேர்ந்து போய்விட்டது. மறுநாளே அதைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சண்டை போட்டார்.

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் பெரிய கடை ஒன்றுக்குப் போனபோது, விற்பனைப் பெண் கேட்டாள், "பாட்டு கேக்கவா சார், படம் பாக்கவா?"

"பேச்சு கேக்க."

"யார் பேச்சு சார்? சொற்பொழிவா?"

"வீட்டுப் பேச்சு."

அவளுக்கு விளங்கவில்லை. டிவிக்குக் கீழே வைக்கும் நீளமான சவுண்ட்பார் ஒன்றைக் காட்டினாள். தரையில் வைக்க ஒரு பெட்டியும் கூட வந்தது. பேஸ் என்கிற அடிச்சத்தம் அதிரும், வீடே தியேட்டர் மாதிரி இருக்கும் என்றாள். சிவசைலம் அதை வாங்கிவந்து, ஒரு மத்தியானம் கதவு ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, மகனின் குரலை ஓடவிட்டார்.

கோமதிநாயகம் கூடம் நிறைய நின்று பேசினான். "முகத்தப் பாக்க முடியாது" என்றபோது தரை அதிர்ந்தது. பிறகு இடைவெளி. பின்னால் இருந்த குரல் அதிர்வில் உடைந்து உடைந்து வந்தது.

அவர் மறுபடி வைத்தார். மறுபடி வைத்தார்.

அந்த ஞாயிறு அரசி அம்மாவிடம் சொன்னார், "சிரிக்கிறாம்மா."

"யாரு?"

"அவதான். எம்மவன் என்னைய வராதேங்கான், அவ பின்னால நின்னு சிரிக்கா. இப்பத்தான் கேட்டுது."

அரசி அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்ததுபோல் இருந்தது.

"அப்படியா" என்றார்.

அது ஆவணி மாதம்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், சிவசைலம் மூன்றாவது தடவையாக அதே கேள்வியைக் கேட்டார். இம்முறை அம்மா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஒயர் உள்ளதாக இருக்க வேண்டும். காதை முழுதாக மூட வேண்டும். பேஸைத் தூக்கிக் கொடுக்கக் கூடாது. பாட்டு கேட்கிறவர்களுக்கு அது பிடிக்காது, ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு செய்கிறவர்கள் மாட்டுவது. அவர் போனில் செருகும் துளை இல்லாததால் ஒரு சின்ன இணைப்பு ஒயரும் வேண்டும்.

"இது நல்லா இருக்குமாம்மா?"

"இது எதையும் அழகாக்கிக் காட்டாது."

திங்கட்கிழமை அவர் திருநெல்வேலிக்குப் போய் அதை வாங்கினார். கடையில் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். வீட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று பெட்டியைப் பிரிக்காமல் எடுத்துவந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். அரசி அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். கதவு திறந்தே கிடந்தது. சிவசைலம் செருப்போடு உள்ளே வந்துவிட்டார். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. ஒயர் சட்டைப் பைக்குள் போனது. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார்.

"கேட்டுதும்மா."

"என்ன கேட்டுது?"

"முடியாதுன்னு சொன்ன ஒடனே அவன் மூக்க உறிஞ்சுதான். அழுதிருக்கான். எனக்கு இத்தன நாளாத் தெரியல. அப்புறம் அவ..."

சிவசைலம் ஹெட்போன் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டார். அம்மா காத்திருந்தார்.

"'வேண்டாங்க. உங்க அப்பாங்க. அப்படிச் சொல்லாதீங்க.' இதத்தாம்மா சொல்லிருக்கா. நாப்பது தடவ கேட்டேன். ஒரு எழுத்து மாறல."

வெளியே ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. அம்மா கையில் ஒட்டிய அரிசியைத் துடைத்தார்.

"தெரியும்யா. அன்னைக்கு நீங்க போனை நடுவுல வச்சுப் போட்டீங்களே, அப்பவே எனக்குக் கேட்டுது."

சிவசைலம் நிமிர்ந்தார்.

"மொத நாளேயா?"

"ஆமா. எங்காது அதுக்கே பழகினது."

"ஏம்மா சொல்லல?"

"சொல்லிருந்தா நம்பிருப்பீங்களா? அவளுக்குப் பரிஞ்சு பேசுதேன்னு எந்திரிச்சுப் போயிருப்பீங்க. உங்க காதால நீங்களே கேட்டாத்தான் உண்டுன்னு நெனச்சேன். கொஞ்சம் உக்காந்து மனசு ஆறட்டும், அப்புறம் கேட்டாத் தாங்குவீங்கன்னு நெனச்சேன்."

அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"லெட்டர் போட்டுட்டனேம்மா."

"என்ன லெட்டர்?"

"மொட்டக் கடுதாசி. அவ பள்ளிக்கூடத்துக்கு."

அவர் அதை மெதுவாகத்தான் சொன்னார். பொற்கொடி வேலை பார்த்த தனியார் பள்ளியின் தாளாளருக்குப் பெயர் போடாமல் எழுதியிருந்தார். கூட வேலை பார்க்கிற கணக்கு வாத்தியாரையும் அவளையும் சேர்த்து எழுதியிருந்தார். நாற்பது வருடம் கோப்புகளில் குறிப்பு எழுதிய கை. தேதி, நேரம், இடம் எல்லாம் நம்பும்படி போட்டிருந்தார். பள்ளியில் யாரும் விசாரிக்கவில்லை. பிள்ளைகளின் பெற்றோர் காதுக்குப் போவதற்குள் நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுங்கள் என்று அவளை அனுப்பிவிட்டார்கள். இந்தச் செய்தியைச் சொந்தக்காரர் ஒருவர் வந்து சொன்ன அன்று, சிவசைலம் இரண்டாம் தடவை சோறு போட்டுச் சாப்பிட்டார்.

"எப்ப எழுதுனீங்க?"

"ஆவணியில. அவ சிரிக்கான்னு உங்ககிட்டச் சொன்னேம்லா, அதுக்கு மறுநாள்."

 அரசி அம்மா கண்ணை மூடி உட்காரும்போது அவர் முகத்தில் எப்போதும் இருக்கும் அமைதி அன்று இல்லை. பாதி களைந்த அரிசியை அப்படியே மூடி வைத்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"கெளம்புங்க. நானும் வாறேன்."

 பஸ் ஆலங்குளம் தாண்டியபோது சிவசைலம் ஹெட்போனைக் கழுத்திலிருந்து எடுத்துப் பைக்குள் திணித்தார்.

பாளையங்கோட்டையில் முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். தாளாளர் அறையிலேயே ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, தான் எழுதியது அத்தனையும் பொய் என்று எழுதி, முழுப் பெயரும் விலாசமும் போட்டு, சிவசைலம் கையெழுத்திட்டார். தாளாளர் அதை இரண்டு தடவை படித்தார். மடித்து மேசை இழுப்பறையில் போட்டார்.

"பெரியவரே, அந்த இடத்துக்கு வேற ஆள் போட்டாச்சு. இத வச்சு நான் என்ன செய்ய?"

"அந்தப் பிள்ள மேல தப்பு இல்லன்னு எல்லார்ட்டயும் சொல்லுங்க."

"அவங்க ஏன் போனாங்கன்னு நாங்க யார்ட்டயும் சொல்லல. இப்பப் போயித் தப்பு இல்லன்னு சொன்னா, என்ன தப்புன்னு கேப்பாங்க."

சிவசைலம் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அரசி அம்மாதான் அவரை வெளியே கூட்டிவந்தார்.

மகன் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. வாசலில் கோமதிநாயகத்தின் வண்டி நின்றது. உள்ளே டிவியில் யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். மணியை அழுத்தியதும் பொற்கொடி வந்தாள். கதவைப் பாதி திறந்தவள், மாமனாரைப் பார்த்ததும் மீதியைத் திறக்கவில்லை.

"சொல்லுங்க மாமா."

சிவசைலம் சொன்னார். அந்த இடைவெளியில் அவள் பேசியதைக் கேட்டுவிட்டதாகச் சொன்னார். சவுண்ட்பாரில் அது சிரிப்பாகக் கேட்டதைச் சொன்னார். கடிதம் எழுதியது தான்தான் என்று சொன்னார். சொல்லும்போது மருமகளின் முகத்தைப் பார்க்காமல், கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தே சொன்னார்.

பொற்கொடி கதவின் விளிம்பை இறுக்கிப் பிடித்தாள்.

"நீங்களா?"

"ஆமாம்மா."

"அந்த வாத்தியார் வீட்டுல அவங்க சம்சாரம் ரெண்டு மாசமா அவர்கூடப் பேசல. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதும்மா."

"எங்க வீட்டுக்காரருகூட ஒரு நாள் என்னையக் கேட்டாரு. ஒரே ஒரு நாள். அப்படி ஏதும் உண்டான்னு." அவள் கதவைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. "அன்னைக்கு நான் வேண்டான்னு சொன்னது உங்களுக்காக இல்ல மாமா. பின்னால நெனச்சு நெனச்சு இவரு கஷ்டப்படுவாரேன்னு சொன்னேன். அத ஒரு நல்லதாக் கொண்டுவந்து எங்கிட்டத் தராதீங்க."

உள்ளே டிவியின் சத்தம் கூடியது. ஒரு படி, இன்னும் ஒரு படி. செய்தி வாசிப்பவர் கத்துவதுபோல் ஆகும்வரை யாரோ கூட்டிக்கொண்டே போனார்கள்.

சிவசைலம் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"கோமதி" என்று கூப்பிட்டார். அந்தச் சத்தத்தில் அது எங்கேயும் போகவில்லை.

"நான் இப்ப என்ன செய்யணும்னு வந்திருக்கீங்க?" என்று பொற்கொடி கேட்டாள்.

"ஒண்ணும் வேண்டாம்மா."

"அப்ப சரி."

கதவு மூடியது. அறைந்து சாத்தவில்லை. வீட்டுக்கு வந்த தபால்காரரை அனுப்பிவிட்டுச் சாத்துவதுபோல் சாத்தினாள்.

பஸ் நிறுத்தத்தில் கூட்டம் இல்லை. சிவசைலம் சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்தார். அரசி அம்மா நின்றுகொண்டிருந்தார். தென்காசிப் பஸ் ஒன்று வந்து நின்று, இவர்கள் ஏறாததால் போய்விட்டது.

"அஞ்சு மாசமா உங்ககிட்ட வந்து கண்ண மூடி உக்காந்தேனேம்மா" என்றார் சிவசைலம்.

"ஆமா. நானும் உக்காந்திருந்தேன்."

"நீங்க அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லிருந்தா..."

"ஆமா" என்றார் அம்மா. "அது எம்மேல உள்ள தப்புதான். உங்க மேல உள்ளதுல அது ஒண்ணும் கொறையாது."

சிவசைலம் கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அறுபத்தேழு வயது ஆள், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் பார்க்க, சத்தமில்லாமல் அழுதார். அம்மா அவரைத் தொடவில்லை. தேற்றவும் இல்லை.

அடுத்த பஸ் தூரத்தில் திரும்பியது.

"அவ மன்னிக்கவே மாட்டாளாம்மா? எனக்கு அது கெடைக்கவே கெடைக்காதா?"

"அவளுக்கு வேல போயிருக்கு" என்றார் அரசி அம்மா. "நமக்கு மட்டும் எதுக்கு எதாச்சும் கெடைக்கணும்?"