காணாமல் போன முந்நூறு வாசகர்கள்

சாத்தம்பாடியில் ரேடியோ செய்யவும் காலிங் பெல் மாட்டவும் சொல்லித் தருகிற மாதப் பத்திரிகைகள் இரண்டு இருந்தன. ஒன்று 'டிரான்சிஸ்டர் தோழன்'. இன்னொன்று 'சர்க்யூட் சாரல்'. ஒவ்வொன்றுக்கும் முந்நூறு வாசகர்கள். தோழனின் முதலாளி வீரபாகு அண்ணாச்சி சாரலையும் விலைக்கு வாங்கிவிட்டார்.

வாங்கிய கையோடு பிச்சையா, கோமதிநாயகம், தவசி என்று தன்னிடம் வேலை பார்த்த மூன்று பேரையும் கூப்பிட்டார்.

"ரெண்டையும் ஒண்ணா இணைச்சிருங்க. ஆனா வாசகர் ஒருத்தர்கூடக் குறையக் கூடாது. குறைஞ்சா மூணு பேருக்கும் வேலை கிடையாது."

மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"சீரியலா இணைக்கணுமா, பேரலலா இணைக்கணுமா?" என்றான் பிச்சையா.

"சீரியல் வேண்டாம்வே," என்றான் கோமதிநாயகம். "கோயில் கொடை விழாவுல சீரியல் பல்பு பாத்தீரா? ஒரு பல்பு போனா வரிசையே அணைஞ்சிருது. முன்னால ஒரு பக்கம் கிழிஞ்சா பின்னால உள்ளது எல்லாம் போச்சு."

அதனால் இடது பக்கம் தோழன், வலது பக்கம் சாரல் என்று பக்கம் பக்கமாகப் போட்டார்கள். இடப்பக்கம் ரேடியோ படம், வலப்பக்கம் காலிங் பெல் படம். "இணைக்கத்தான சொன்னாரு," என்று தவசி இரண்டு படத்தின் கம்பிகளையும் நடு மடிப்பில் கோடு போட்டுச் சேர்த்தும் விட்டான்.

புத்தகம் முந்நூறுதான் விற்றது.

"மீதி முந்நூறு பேர் எங்கடே? தேடிப் பிடிச்சுட்டு ஆபீசுக்கு வாங்க," என்றார் அண்ணாச்சி.

முதலில் அரிசி ஆலைக் கணக்கர் உலகநாதன் வீட்டுக்குப் போனார்கள். புதுப் புத்தகத்துப் படத்தில் இருந்தபடியே மாட்டியிருந்த பெல்லை அழுத்தினால் உள்ளே ரேடியோ செய்தி வாசித்தது. கையை எடுத்தால் நின்றது. மழை வருமா என்று தெரிகிற வரைக்கும் அழுத்திக்கொண்டே நின்றார்கள்.

உலகநாதனின் மனைவி பேச்சியம்மாள் கதவைத் திறந்தாள். "மழை இல்லைன்னு சொல்லிட்டான்லா. கையை எடுங்க."

உலகநாதன் வந்தார்.

"முன்னால தோழன் வாங்கினது யாரு?" என்று கேட்டான் பிச்சையா.

"நான்தான்."

"சாரல்?"

"அதுவும் நான்தான். இப்ப ஒரே புத்தகம். ஒண்ணு வாங்குதேன்."

மூவரும் விரல் விட்டு எண்ணினார்கள்.

"அப்ப ஒருத்தர் இருக்கீக," என்றான் கோமதிநாயகம் மெதுவாக. "இன்னொருத்தரு எங்க?"

மூவரும் உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள். அரிசி டிரம்மைத் திறந்தும் பார்த்தார்கள்.

"இந்த ரேடியோவை நோண்ட உக்காந்ததுல இருந்தே இவரு வீட்டுல இருக்க மாதிரியே இல்லை," என்றாள் பேச்சியம்மாள்.

"பாத்தீகளா, அப்பமே போயிருக்காரு," என்றான் தவசி.

உலகநாதன் தானும் ஒருமுறை கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். "ஆளு எப்படி இருப்பாரு?"

"உங்க சாடைதான். சட்டைகூட இதேதான்," என்றான் தவசி.

அடையாளம் குழம்பிவிடக் கூடாதே என்று உலகநாதன் உள்ளே போய் வேறு சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

"அந்த இன்னொருத்தரு கிடைச்சாச்சுன்னா மிச்சம் இருநூத்துத் தொண்ணூத்தொம்பது பேருதான். வேலை தப்பிச்சிரும்," என்று பிச்சையா சைக்கிளை எடுத்தான்.

தானும் சேர்ந்து தேடப் பின்னால் ஏறி உட்கார்ந்த உலகநாதன், வாசலில் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏளா, நான் இல்லாத நேரத்துல நான் வந்தா, சோறு போட்டு உக்கார வையி. வெளிய விட்ராத."